துவர்ப்பு தெரிந்த நாக்கு

ஆடி மாதம் இரண்டாம் சனிக்கிழமை பொழுதோட, உடுமலைக்குத் தெற்கே எங்கள் தோட்டத்துச் சாளையில் ஆறு பேர் உட்கார்ந்து நாலு பாட்டில் சிவப்பு ஒயின் ருசி பார்த்தோம். பாட்டிலைத் திறப்பதற்கு முன்னால், ஆளுக்கொரு வாழையிலைத் துண்டு போட்டு மூன்று சாமான் வைத்தேன். நாலு பன்னீர் திராட்சை, இரண்டு நாவல்பழம், ஒரு துண்டு கொட்டைப்பாக்கு.

"ஏனுங் அம்மணி, பந்திக்கு முந்தியே தாம்பூலமா?" என்றார் சாயப்பட்டறை அண்ணா.

"ஆமாங்கண்ணா, இன்னைக்கு அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தேன். முதல் திராட்சையைப் பிதுக்கி உள்சதையை மட்டும் சாப்பிடச் சொன்னேன். இனிப்பு, கொஞ்சம் புளிப்பு, அவ்வளவுதான். விரலில் வழிந்த சாற்றைப் பார்க்கச் சொன்னேன். பழம் கறுப்பு, சாற்றிலோ நிறமே இல்லை. அடுத்த திராட்சையில் தோலையும் கொட்டையையும் மட்டும் நன்றாக மென்று, விழுங்காமல் கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருக்கச் சொன்னேன். எல்லோர் முகமும் மாறியது. நாக்கு வறண்டு, கன்னத்தின் உட்புறம் உள்ளே இழுத்தது. அப்புறம் நாவல்பழம், கடைசியில் பாக்கு. பாக்கைக் கடித்ததும் பொள்ளாச்சித் தம்பி, "அக்கா, மூணும் ஒரே இடத்துலதான் புடிக்குது" என்றார்.

அந்த இடத்துக்கு அவர்களைக் கொண்டுவரத்தான் இத்தனையும் செய்தேன். சிவப்பு ஒயினுக்கு உயிர் துவர்ப்பு. வெள்ளை ஒயினுக்குச் சாற்றைப் பிழிந்து தோலை எடுத்துவிடுவார்கள். சிவப்புக்குத் தோலோடும் கொட்டையோடும் சேர்த்தே நாள்கணக்கில் புளிக்க விடுவார்கள். நிறமும் துவர்ப்பும் அப்போதுதான் இறங்கும். ஒயினுக்கென்று வளர்க்கும் திராட்சை நம் பன்னீர் திராட்சையைவிடச் சிறியது, தோல் தடித்தது. அதனால் சதை குறைவு, தோலும் கொட்டையும் விகிதத்தில் அதிகம்.

பன்னீர் திராட்சையும் வெளியே இருந்து வந்த கொடிதான். 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தது. ஐரோப்பாவில் இதற்கு மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். கம்பம் பள்ளத்தாக்கில் ஊன்றி நம் ஊர்ப் பழமாகவே மாறி, 2023இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. நான் வாங்கியது தொண்டாமுத்தூர்ப் பக்கத்துப் பழம்.

நான் இருபது வருடமாகத் திருப்பூரில் ஏற்றுமதிக் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பையர்களோடு சாப்பிட உட்கார்ந்த இடங்களில்தான் ஒயின் பழக்கமானது. பிறகு ஆர்வம் கூடி, பெங்களூரில் இரண்டு நாள் வகுப்பு ஒன்றுக்கும் போனேன். அங்கே சொல்லிக்கொடுத்த வாசனைகள் எல்லாம் கருப்பு கரண்ட் பழம், சிடார் மரம், வயலெட் பூ. எதையும் நான் பார்த்ததில்லை, முகர்ந்ததும் இல்லை. மனப்பாடம் செய்து ஒப்பித்தேன். என் நாக்கில்தான் ஏதோ குறை என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அதே வகுப்பில், வாயை வறள வைக்கும் அந்த உணர்ச்சியை விளக்க ஆசிரியருக்கு அரை மணி நேரம் ஆனது. ஆறிப்போன கட்டந்தேநீர், பழுக்காத பழம் என்று சுற்றிச் சுற்றி வந்தார். நான் நோட்டில் ஒரே சொல் எழுதினேன்: துவர்ப்பு.

விஞ்ஞானத்தில் இதைச் சுவைக் கணக்கில் சேர்ப்பதில்லை, தொடு உணர்ச்சி என்கிறார்கள். துவர்ப்பைத் தரும் பொருளுக்கு டானின் என்று பெயர், எச்சிலில் உள்ள புரதத்தோடு அது போய் ஒட்டிக்கொள்ளும். எச்சிலின் வழவழப்பு போய், நாக்கும் கன்னமும் உரசுவது தெரியும். நாமோ அதை அறுசுவையில் ஒன்றாக உட்கார வைத்து, வாழைப்பூ, பாக்கு, நாவல், கடுக்காய், மாதுளைத் தோல் என்று சிறுவயதிலிருந்தே அதில் பழகி வளர்கிறோம். இந்த விஷயத்தில் நம் நாக்கு நன்றாகப் படித்த நாக்கு. இதை நண்பர்களுக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசையில்தான் அன்றைக்கு எல்லோரையும் ஒட்டுக்கா கூப்பிட்டேன்.

ஏற்பாடுகளைச் சொல்கிறேன், செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு உதவும்.

ஆறு பேருக்கு நாலு பாட்டில் தாராளம். ஒரு பாட்டில் 750 மில்லி. ஆளுக்கு 60 மில்லி ஊற்றினால் 360 மில்லி போக மீதி இருக்கும். பிடித்ததை இன்னொரு முறை ஊற்றிக்கொள்ளலாம். விழுங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. துப்புவதற்கு மாமாவின் தாத்தா காலத்துப் பித்தளைப் படிக்கத்தைப் பரணிலிருந்து இறக்கிப் புளி போட்டு விளக்கி வைத்தேன். வெற்றிலைக்கு என்று செய்த சாமான், இந்த வேலைக்கும் அளவெடுத்தாற்போல் இருந்தது. எல்லோரும் ராத்திரி சாளையிலேயே தங்குவது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் வண்டி ஓட்டுவது குற்றம். நாலு ரவுண்டு ருசி பார்த்தவர் அந்த அளவைத் தாண்டியிருக்க வாய்ப்பு உண்டு. ஆடிக்காற்று அடிக்கிற இருட்டில் உடுமலை ரோட்டில் யாரையும் அனுப்ப எனக்கு மனம் வராது.

சூடு முக்கியம். சிவப்பு ஒயினை அறையின் சூட்டில் கொடுக்கலாம் என்பது ஐரோப்பிய வீட்டுக் கணக்கு. 15 முதல் 18 டிகிரிதான் அதற்குச் சரி. கொங்கு நாட்டில் எந்த அறை 18 டிகிரியில் இருக்கிறது? பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் எவ்வளவு வீசினாலும் ஆசாரத்தில் 26, 27 இருக்கும். அந்தச் சூட்டில் ஊற்றினால் ஆல்கஹால் நெடிதான் மூக்கில் முதலில் ஏறும். பிரிட்ஜில் அரை மணி நேரம் வைத்து எடுத்தேன். சங்கப் பாட்டு ஒன்றில் யவனர் கொண்டுவந்த தேறலைக் குளிர்ந்தது, மணம் உள்ளது என்று சொல்லியிருக்கிறார்கள். குளிர்ச்சியைத்தான் முதலில் சொல்கிறார்கள் என்பதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

எந்த பாட்டில் எது என்று தெரியாமல் ருசி பார்த்தால்தான் நாக்கு நேர்மையாகப் பேசும். பாட்டிலை மறைக்கத் திருப்பூர்க்காரிக்குத் துணிக்கா பஞ்சம்? ரிப் துணியைக் குழாயாகவே நறுக்கி, பாட்டிலின் கழுத்து வரை மாட்டிவிட்டு, மேலே சாக்பீஸில் எண் போட்டேன். மேசை மேல் மாமாவின் வெள்ளை வேட்டி விரித்தாயிற்று. வாயைச் சுத்தம் பண்ண ரொட்டிக்குப் பதில் பொரியும் தண்ணீரும் வைத்தேன். பொரிக்குத் தனி ருசி கிடையாது, எண்ணெயும் இல்லை. ரொட்டியைவிட அதுவே மேல் என்பது என் முடிவு.

நேரத்தை முடிவு செய்தது சாயப்பட்டறை அண்ணா. "பொழுதிருக்கவே ஆரம்பிங் அம்மணி, டியூப்லைட்ல ஷேடு பார்க்கக் கூடாது" என்று போனிலேயே சொல்லிவிட்டார். ஒரே துணி வெயிலில் ஒரு நிறமாகவும் விளக்கில் வேறு நிறமாகவும் தெரியும் என்பதோடு தினமும் மல்லுக்கட்டுகிறவர். அதனால் ஐந்து மணிக்கே திண்ணையில் மேசை போட்டோம். அவர் கோப்பையை வேட்டி மேல் சாய்த்துப் பிடித்து, ஓரத்தில் நிறம் எப்படி வெளுக்கிறது என்று பார்த்த விதத்தை நான் எந்த வகுப்பிலும் பார்த்ததில்லை. முதல் கோப்பை ஓரத்தில் செங்கல் சாடை, மூன்றாவதில் கத்தரிப்பூச் சாடை என்று அவரே பிரித்துச் சொன்னார். இளம் ஒயினில் ஊதா தெரியும், வயதாக ஆகச் செங்கல் நிறத்துக்கு இறங்கும் என்று நான் சொன்னபோது, "அப்போ இது ரன்னிங் ஷேடுங்க" என்று தலையாட்டினார்.

முதல் பாட்டில் மகாராஷ்டிரத்தில் சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜில் ஃப்ரடெல்லி செய்யும் சாஞ்சியோவேசே. இத்தாலியத் திராட்சை. துவர்ப்பைவிடப் புளிப்பு தூக்கலாக இருக்கும். அதற்குத் தக்காளிச் சந்தகை. ஒயினில் புளிப்பு இருந்தால் சாப்பாட்டிலும் புளிப்பு வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று மற்றதை அமுக்கிவிடும். இத்தாலிக்காரர்கள் தக்காளியோடு இதைக் குடிப்பதன் காரணம் அதுதான். அக்கா, சாயப்பட்டறை அண்ணாவின் மனைவி, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒயின் தொடுகிறவர், இரண்டு வாய் சந்தகைக்குப் பிறகு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.

இரண்டாவது பாட்டில் பொள்ளாச்சித் தம்பி கொண்டுவந்த ஸ்பெயின் ஒயின், ரியோஹா. மூடியைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம். கார்க் லேசாக மேலே எழும்பி நின்றது. சித்திரையில் வாங்கியது, டிக்கியிலேயே ஒரு மாதம் கிடந்ததாகச் சொன்னார். வெயிலில் பூட்டிய காருக்குள் உள்ளே இருப்பது விரிந்து கார்க்கைத் தள்ளும், காற்றும் உள்ளே போகும். ஊற்றினால் பழ வாசமே இல்லை, அடிபிடித்த தொக்கு வாசம். தம்பிக்கு முகம் வாடிவிட்டது. "போச்சாது விடுங்க தம்பி" என்று மாமா சொன்னார். ஆனால் அந்தக் கோப்பையை நான் கொட்ட விடவில்லை. கெட்டது எப்படி இருக்கும் என்று ஒரு தடவை முகர்ந்து வைத்தால்தான் நல்லதை நம்ப முடியும். எல்லோரும் முகர்ந்த பிறகுதான் படிக்கத்துக்குப் போனது.

மூன்றாவது, மெல்போர்னிலிருந்து சாயப்பட்டறை அண்ணாவின் மகன் கொண்டுவந்த விக்டோரியா மாநிலத்து ஷிராஸ். இதற்காகத்தான் நான் காத்திருந்தேன். குளிர்ந்த ஊரில் விளைந்த ஷிராஸில் மிளகு வாசம் வரும். பேச்சுக்குச் சொல்வதில்லை, ரொட்டண்டோன் என்ற ஒரே பொருள்தான் மிளகிலும் இருக்கிறது, இந்தத் திராட்சையின் தோலிலும் இருக்கிறது. ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2008இல் அதைக் கண்டுபிடித்தார்கள். கொல்லிமலை மிளகை அப்போதுதான் அம்மியில் தட்டி ஆட்டுக்கறி வறுவலில் போட்டிருந்தார் அத்தை. கோப்பையை முகர்ந்ததும், என்னோடு கல்லூரியில் படித்தவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் சைவம், கறி தொடவில்லை, தட்டிய மிளகை மட்டும் விரலில் தொட்டு முகர்ந்தாள். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

மாமா மட்டும், "எனக்கு மொளகு கிளகு ஒண்ணும் வர்லியே" என்றார். மூன்று தடவை சுற்றி முகர்ந்தார். வரவில்லை. அது அவர் குறை அல்ல. அதே ஆராய்ச்சியில், ஐந்து பேருக்கு ஒருவர் வீதம் இந்த ஒரு வாசம் மட்டும் மூக்கில் ஏறவே இல்லை. ஒரே மேசையில் ஒரே கோப்பையில் இரண்டு பேர் குடிப்பது இரண்டு வேறு ஒயின்.

நாலாவதாக, பெங்களூருக்கு வடக்கே நந்தி மலைப் பக்கம் க்ரோவர் செய்யும் லா ரிசர்வ். கேபர்னே சாவின்யோன் என்ற திராட்சையும் ஷிராஸும் கலந்தது. துவர்ப்பில் அன்றைக்கு இதுதான் தலை. ஒரு மணி நேரம் முன்பே அகன்ற கண்ணாடி ஜாடியில் ஊற்றி ஆற வைத்தேன். மூடியை மட்டும் திறந்து வைத்தால் பயனில்லை, கழுத்தின் ஓட்டை வழியாகக் காற்று எவ்வளவு படும்? இதற்குப் பள்ளிபாளையம் சிக்கன்.

இந்த ஜோடியில் முந்தின வாரம் நான் ஒரு தடவை தோற்றிருந்தேன். வழக்கம்போல வரமிளகாயை அள்ளிப் போட்டுச் செய்து, மேலே இந்த ஒயினைக் குடித்தால் வாய் தீப்பிடித்துவிட்டது. மிளகாயின் எரிச்சலை உணரும் அதே நரம்பு முனைகளை ஆல்கஹாலும் தூண்டும். இரண்டும் சேர்ந்தால் ஒன்று இரண்டாகும். துவர்ப்பும் காரத்தோடு சேர்ந்து கரகரவென்று ஆகிவிடும். அத்தையிடம் சொன்னேன். "மொளகாயக் கிள்ளி, வெதைய உதுத்துப்போட்டுப் போடு கண்ணு. தேங்காயப் பல்லுப்பல்லாக் கீறி ரெண்டு பங்கா அள்ளிப் போடு" என்றார். அப்படியே செய்தேன். மிளகாயின் மணம் இருந்தது, எரிச்சல் அடங்கியது. தேங்காயின் கொழுப்பும் கோழியும் சின்ன வெங்காயத்தின் இனிப்பும் சேர்ந்ததும் அந்த முரட்டு ஒயின் வழிக்கு வந்தது. கொங்கு சமையலில் தேங்காயும் கடலையும் எள்ளும் நிறைய, புளி அளவோடு. இந்த மாதிரி ஒயினுக்கு அந்தக் கை பொருந்தும் என்று அன்றைக்கு எனக்கு உறுதியானது.

சைவத் தோழிக்கு நான் யோசித்து வைத்திருந்தது வாழைப்பூ வடை. துவர்ப்புக்குத் துவர்ப்பு, நம் ஊர்ப் பொருத்தம் என்று கர்வத்தோடு இருந்தேன். வாழைப்பூவின் குணம் தெரிய வேண்டும் என்று மோரில் போடாமலேயே நறுக்கிச் செய்யச் சொல்லியிருந்தேன். அவள் வடையைக் கடித்து லா ரிசர்வைக் குடித்ததும் பேச முடியவில்லை. வாய் முழுக்கக் காய்ந்த தேங்காய் நார் போல ஆகிவிட்டது. நானும் ஒரு வாய் சாப்பிட்டேன், உண்மைதான். துவர்ப்போடு துவர்ப்பு கூடுமே தவிரக் கழியாது.

அத்தை ஒயின் தொடமாட்டார், அவர் பாட்டுக்கு வெற்றிலை மடித்துக்கொண்டு நடையில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்தே சொன்னார்: "வாழைப்பூவ எதுக்கு மோர்ல போடறோம்? தொவர்ப்ப மோரு உறிஞ்சீரும்னுதானே. உங்க தண்ணியும் தொவர்க்குதுன்னா அதுக்கும் பால்சாமான் எதாச்சும் குடு."

எனக்கு அப்படியே நின்றுவிட்டது. எச்சிலின் புரதத்தோடு டானின் ஒட்டிக்கொள்கிறது என்று நான் படித்தது, மோரின் புரதத்துக்கும் பொருந்தும். கறியோடு துவர்ப்பான ஒயின் சாந்தமாவதும், சீஸோடு சாந்தமாவதும் அதனால்தான். இந்தப் பாடத்துக்கு நான் பெங்களூரில் பணம் கட்டினேன், எங்கள் வீட்டு அடுப்படியில் வாழைப்பூவை மோரில் போடும் ஒவ்வொரு தடவையும் அது நடந்துகொண்டிருந்திருக்கிறது. உடனே எழுந்துபோய், மழைக்கு வாங்கி வைத்திருந்த சிப்பிக்காளானை ஊத்துக்குளி வெண்ணெயில் உப்பும் மிளகும் போட்டுச் சிவக்க வதக்கி, மேலே நீலகிரியில் செய்த செடார் சீஸைத் துருவிக் கொடுத்தேன். கூடவே கொள்ளுப் பருப்பில் நெய் விட்டு ஒரு கிண்ணம். தோழி அதே லா ரிசர்வை மறுபடி குடித்துவிட்டு, "இது வேற பாட்டிலா?" என்று கேட்டாள்.

இடையில் அண்ணா, இது இதயத்துக்கு நல்லதாமே என்று கேட்டார். அப்படி நினைத்துக் குடிக்காதீர்கள் என்றேன். எந்த அளவு மதுவும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது. ருசிக்காக, கொஞ்சமாக, சாப்பாட்டோடு. அதற்கு மேல் இதில் நியாயம் தேடுவதில் எனக்கு விருப்பம் இல்லை.

இனிப்புக்கு ஒப்புட்டு. அதை ஒயினோடு சேர்க்க வேண்டாம் என்று சொல்லியும் தம்பி ஒரு வாய் குடித்துப் பார்த்தார், புளித்த காடி மாதிரி இருக்கிறது என்றார். சாப்பாடு ஒயினைவிட இனிப்பாக இருந்தால் ஒயினில் புளிப்பும் கசப்பும்தான் மிஞ்சும். கோப்பைகளை எடுத்துவிட்டு, நெய் ஊற்றிய ஒப்புட்டும் காபியும் கொடுத்தேன்.

அப்புறம் இருட்டும் வரை பேச்சு. சாயப்பட்டறை அண்ணாவுக்குச் சொந்த ஊர் நொய்யல் கரையில் கொடுமணலுக்குப் பக்கம். பாசிமணியும் இரும்பும் செய்த ஊர், மேற்குக் கடற்கரைத் துறைமுகத்திலிருந்து கருவூர் போகும் பெருவழியில் இருந்தது. கோயம்புத்தூர் வெள்ளலூரில் ரோமானியக் காசுகள் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. அரிக்கமேட்டில் ஒயின் கொண்டுவந்த ரோமானியச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்திருக்கின்றன. நம் படியூர் நீலப்பச்சைக் கல்லுக்கு விலையாக வந்ததில் ஒரு வாய் இந்த வழியாகவும் போயிருக்கும் என்று அண்ணா சொன்னார். எனக்கும் அப்படி நினைத்துக்கொள்ளப் பிடித்திருந்தது.

பேச்சு மும்முரத்தில் அவர் கைபட்டு ஒரு கோப்பை வேட்டி மேல் சாய்ந்தது. நான் பதறிச் சோப்புத் தண்ணீர் எடுத்து வந்தேன். சோப்பு பட்டதும் சிவப்பு நீலச் சாடையாக மாறியது. "பாத்தீங்ளா, பிஹெச் ஏறுச்சுன்னா ஷேடு திரும்புது. புளிப்பு இருக்கற வரைக்குந்தான் இது சிவப்பு" என்று அண்ணா அந்த இடத்தை விளக்கில் பிடித்துக் காட்டிக்கொண்டே இருந்தார். வேட்டியை அவரே பட்டறைக்கு எடுத்துப் போனார்.

மறுநாள் காலை எல்லோரும் கிளம்பிய பிறகு, மீந்த ஷிராஸைச் சின்ன பாட்டிலில் தளும்ப ஊற்றி மூடி பிரிட்ஜில் வைத்தேன். காற்றுக்கு இடம் இல்லாவிட்டால் இரண்டு மூன்று நாள் தாங்கும். சாயங்காலம் மாமா அதைக் கேட்டு வாங்கி ஒரு கோப்பையில் கொஞ்சம் ஊற்றி, இன்னொரு கையில் தட்டிய கொல்லிமலை மிளகை வைத்துக்கொண்டு, மாறி மாறி முகர்ந்து பார்த்தார். மிளகு மணக்கிறது, கோப்பையில் நாவல்பழம் வருகிறது, மிளகு மட்டும் இன்னும் வரவில்லை என்றார்.

"ஏம்புள்ள, அது எப்படித்தான் இருக்குது, சொல்லு" என்று திண்ணையில் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

கோப்பையை வாங்கிக்கொண்டு, ஈர விறகு அடுப்பில் ரசம் கொதிக்கும்போது வாசல் வரை வருமே, அந்த வாசத்திலிருந்து ஆரம்பித்தேன்.